வெள்ளி ரூபாய்: ஸ்லாப்பில் வாங்குவதா, உதிரியாக வாங்குவதா?

பிரிட்டிஷ் இந்திய ரூபாயை பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்க நிறுவனங்கள் தரமிட்டு மூடிய ஸ்லாப்பில், அதாவது முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில், வாங்கலாம், உதிரியாகவும் வாங்கலாம். எது பாதுகாப்பு என்பது, அந்தக் காசில் எந்த வகைப் போலி வரும் என்பதைப் பொறுத்தது.

உலோகப் போலிக்கு ஸ்லாப் தேவையே இல்லை. 1835 முதல் 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம், 91.7 சதவீத வெள்ளி. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, நூலில் கட்டிய காசை அடியிலும் சுவரிலும் படாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். தேயாத நல்ல காசுக்கு 1.13 கிராம் அளவில் காட்டும். காசின் எடையை இதனால் வகுத்தால் 10.3 வரவேண்டும். 9-ஐ ஒட்டி வந்தால் உள்ளே செம்பு. காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் விடை குறையும். தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். ஸ்லாப்புக்குள் இருக்கும் காசில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

ஆனால் 1939-ஆம் ஆண்டுக் காசில் இதெல்லாம் எடுபடாது. அரிதான ஆண்டு என்பதால் 1938-இன் 8-ஐச் சுரண்டி 9 ஆக்குகிறார்கள். காசு அசல், எடையும் அசல், பொய் ஓர் இலக்கத்தில் மட்டும். பத்து மடங்கு லென்ஸில் கடைசி 9-ஐ அதே ஆண்டிலுள்ள முதல் 9-உடன் ஒப்பிடுங்கள். சுற்றியுள்ள தளத்தில் கீறலோ, மினுமினுப்பு அறுந்த திட்டோ இருந்தால் விலகிவிடுங்கள். சந்தேகம் துளியாவது மிஞ்சினால் ஸ்லாப்தான். பழைய அச்சுகளைக் கொண்டு பம்பாய் நாணயச்சாலை பிற்காலத்தில் அடித்த மறு அச்சுக் காசுகளுக்கும் இதுவே. அவற்றிலும் எடை எதையும் காட்டிக்கொடுக்காது.

1911 வேறு கதை. அரசரின் அங்கியில் உள்ள யானை குட்டைத் துதிக்கையால் பன்றிபோல் தெரிந்ததால் சர்ச்சையாகி, 1912-இல் துதிக்கை நீண்டது. 1914-ஐத் திருத்தி 1911 ஆக்கியவரால் யானையைத் திருத்த முடியாது. இங்கே உங்கள் கண்ணே போதும்.

தரம் பற்றிய விஷயத்தில் உதிரிக்காசு வாங்குபவர்தான் அதிகம் ஏமாறுகிறார். விற்பவர் சொல்லும் ‘யுஎன்சி’, அதாவது புழக்கத்தில் தேயாத காசு என்ற சொல், ரப்பர்போல இழுபடும். ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சாய்த்துத் திருப்புங்கள். ஒளி ஆரக்கால்களாகச் சுழன்றால் நல்லது. ஒரே திசையில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் தேய்த்துக் கழுவிய காசு. காசுமாலையில் இருந்ததா என்று அறிய விளிம்பின் உச்சியில் பற்றவைப்புத் தழும்பைத் தேடுங்கள். தரமிடும் நிறுவனங்கள் இத்தகைய காசுக்கு எண் தராமல் ‘டீடெய்ல்ஸ்’ என்று எழுதும். அந்தச் சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துப் படம் போடும் விற்பனையாளர்களும் உண்டு.

ஸ்லாப்பிலும் போலி உண்டு. சான்றிதழ் எண் நிறுவனத் தளத்தில் இருந்தால் மட்டும் போதாது. அசல் எண்ணையே நகலெடுப்பார்கள். தளத்திலுள்ள படத்தின் கறையும் கீறலும் உங்கள் காசோடு பொருந்த வேண்டும்.

உதிரியாக வாங்கிப் பிறகு அமெரிக்காவுக்கு அனுப்பித் தரமிட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு 1939-க்குச் சரி. 1911-க்கு முடியாது: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயத்தைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பக் கூடாது. 1918, 1919 போலக் கோடிக்கணக்கில் அடித்த, தேய்ந்த காசுகளுக்கோ இந்தத் தடை இல்லாவிட்டாலும் தரக்கட்டணமே காசின் விலையைத் தாண்டிவிடும்.