ஷானன் கழிமுகத்தில் ‘டால்பின் நிச்சயம்’ என்று சொல்லும் படகில் ஏறாதீர்கள்

கோடை விடுமுறைக்கு அயர்லாந்தின் கிளேர் பக்கம் போகிறவர்கள் முன்பதிவு செய்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். படகுக்காரர் பெயரையும் எந்தப் படகுத்துறை என்பதையும் எழுதப்போவதில்லை. அந்தக் கரையில் ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்களே சிலர்தான். அவர்கள் மேல் சந்தேகம் விழ வேண்டாம்.

டப்ளினிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. ‘டால்பின் நிச்சயம், ஸ்காட்டரி தீவில் இறங்கிச் சுற்றலாம், மொத்தம் இரண்டரை மணி நேரம்’ என்று முகநூலில் விளம்பரம். படத்தில் தண்ணீர் பளிங்கு நீலம். ஷானன் ஆற்றை நேரில் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும், அங்கே தண்ணீர் சாம்பலும் பழுப்பும்தான். கார்டு எடுக்க மாட்டாராம், முழுப் பணத்தையும் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்.

வந்தது சின்ன ரப்பர் படகு. குழந்தைகள் அளவில் உயிர்காப்பு உடை இல்லை. அக்கா பையனுக்குப் பெரியவர்கள் உடையை மாட்டினார்கள், அது காதுக்கு மேல் ஏறி நின்றது. “கரை பக்கத்திலதானே” என்றார் படகுக்காரர். இந்த மாதிரிச் சின்னப் படகில் பெரியவர், குழந்தை என்று எல்லோரும் சரியான அளவு உடை அணிந்தே ஆக வேண்டும் என்பது அயர்லாந்துச் சட்டம்.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை. இந்தக் கழிமுகத்திலேயே நிரந்தரமாக வாழ்கிற பாட்டில்மூக்கு டால்பின் கூட்டம் உண்டு. அவற்றுக்காகவும் சேர்த்துத்தான் ஷானனின் இந்தப் பகுதியைச் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்திருக்கிறார்கள். வேகம் மணிக்கு 7 கடல் மைலுக்குள் இருக்க வேண்டும், 100 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், துரத்தக் கூடாது என்று அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. இவர் குட்டியோடு போன கூட்டத்தைப் பார்த்ததும் எஞ்சினை முறுக்கி நேராக நடுவில் விட்டார். அவை முங்கி வேறு பக்கம் எழுந்தன. திருப்பிக்கொண்டு அங்கேயும் போனார். தள்ளி இன்னொரு படகு வேகத்தைக் குறைத்து அப்படியே மிதந்துகொண்டிருந்தது. கடைசியில் அவை தாமாகப் போனது அதன் பக்கம். காட்டு விலங்கை யாரும் ‘நிச்சயம்’ என்று விற்க முடியாது. விற்றவர் துரத்தித்தான் ஆக வேண்டும்.

ஸ்காட்டரியில் இறங்கவே இல்லை. “அலை சரியில்லை” என்றார், கடல் குளம் மாதிரி கிடந்தது. புனித செனான் 6ஆம் நூற்றாண்டில் மடம் அமைத்த தீவு அது. அங்குள்ள வட்டக் கோபுரத்தின் விசேஷமே வாசல் தரைமட்டத்தில் இருப்பதுதான். அயர்லாந்தின் மற்ற வட்டக் கோபுரங்களில் பெரும்பாலும் வாசல் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். நாங்கள் பார்த்தது உச்சிக் கூம்பை மட்டும். ஒரு மணி நேரத்துக்குள் கரைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், “டால்பின் பார்த்தீங்கள்ல?” என்று பதில். மோசமான விமர்சனம் எழுதியதும், அதை நீக்கினால் பாதி தருகிறேன் என்றார். நீக்கவில்லை. 25 யூரோ கட்டினால் 2,000 யூரோ வரையிலான தகராறுக்கு நீதிமன்றத்தில் சிறு உரிமைகோரல் மனு போடலாம். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும், இவர் கொடுத்த ரசீதில் இரண்டும் இல்லை. கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலமாகவாவது கேட்டிருக்கலாம்.

12 பேர் வரை ஏற்றும் படகுக்கும் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு உரிமம் கட்டாயம். பணம் கட்டும் முன்பே படகின் பெயரையும் உரிமத்தையும் கேளுங்கள். முறையாக நடத்துகிறவர் தயங்காமல் காட்டுவார். தீவில் இறங்குவது உறுதியா, இறங்க முடியாவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

படகுச் சவாரியே வேண்டாம் என்றால் கில்லிமர்–டார்பர்ட் கார் ஃபெர்ரி இருக்கிறது. கழிமுகத்தைக் கடக்க 20 நிமிடம். அதிர்ஷ்டம் இருந்தால் மேல்தளத்திலிருந்தே டால்பின் தெரியும். நேரம் மிச்சமிருந்தால் லூப் ஹெட் கலங்கரை விளக்கம் வரை ஓட்டிப் போய்விட்டு வரலாம்.