மூன்று பட்டிச் செருப்பு: குதிக்கால் நோ உள்ளவர்களுக்கு ஒரு பாவனைக் குறிப்பு

குதிக்கால் நோவுக்கென்று விற்கிற மூன்று பட்டிச் செருப்புக்கு இப்போது விலைக்கழிவு போட்டிருக்கிறார்கள். விரலடியில் ஒரு பட்டி, மேற்பாதத்தில் ஒன்று, குதிக்குப் பின்னால் ஒன்று, மூன்றும் வெல்க்ரோ. "வாங்கலாமோ?" என்று கேட்கிறவர்களுக்காக, நெடுநாள் பாவித்த பிறகு இதை எழுதுகிறேன். அடித்தட்டில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. சொல்ல இருப்பதெல்லாம் பட்டியைப் பற்றித்தான்.

அடித்தட்டின் அருமை முதலில். குதி இறங்கி அசையாமல் இருக்க ஆழமான குழி, உள்வளைவைத் தாங்க அமுங்காத மேடு, முன்பக்கத்தைவிட ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்த குதி. குதிவாதத்தில் நோ இருக்கிற இடம் குதியின் அடியில், உட்பக்கமாக, முன்னோரத்தில். குதி எலும்பிலிருந்து விரலடி வரை ஓடுகிற தடித்த சவ்வு அங்கேதான் எலும்பைப் பிடித்திருக்கிறது. இரவு தளர்ந்து கிடந்த சவ்வு விடிய எழும்பி வைக்கிற முதல் அடியில் சட்டென்று இழுபடும். வளைவுக்குக் கீழே தாங்கல் இருந்தால் அந்த இழுவை குறையும். வழமையான பாட்டா செருப்பில் தாங்கலும் இல்லை, குதியைப் பிடிக்க ஒன்றும் இல்லை. செருப்பு கழன்று போகாமல் இருக்க விரல்களே அதை இறுக்கிப் பிடிக்கவேண்டும். நாள் முழுக்க விரல் மடங்கினால் உள்ளங்கால் எப்படி ஆறும்?

கடையில் பார்க்கவேண்டியவை அதிகமில்லை. செருப்பின் இரு முனையையும் பிடித்து மடக்குங்கள். விரலடியில் மட்டும் மடிய வேண்டும்; நடுவில் மடிந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கினால் இலேசில் முறுகக்கூடாது. குதிக்குழியைப் பெருவிரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கி உடனே மீள வேண்டும். பின்னேரத்தில் போங்கள், அப்போதுதான் கால் அதன் முழு அளவில் இருக்கும். வீட்டிலேயே மட்டைத்தாளில் நின்றபடி இரண்டு காலையும் கீறி, வெட்டிக் கொண்டுபோய் அடித்தட்டில் வைத்துப் பாருங்கள். பெரிய காலுக்குத்தான் அளவு. தாள் விளிம்பைத் தொடக்கூடாது. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். பெருவிரல் மூட்டு செருப்பு மடிகிற இடத்துக்கு நேரே வரவேண்டும். இது கடைசியானாலும் முக்கியமானது. மூட்டு முன்னே பின்னே போனால் மேடு வளைவில் உட்காராது. இங்கிலாந்து அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 8.5 மில்லிமீற்றர் வரும். "ஒரு சைஸ் கூட எடுங்கோ, இளகும்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள்.

இனி பட்டி. நோவுக்கான செருப்பு என்றால் அடித்தட்டுத்தான் மருந்து என்று நினைக்கிறோம். காலை அந்தத் தட்டின்மேல் சரியான இடத்தில் பிடித்து வைப்பது பட்டி. பட்டி இளகி, கால் ஒரு சென்ரிமீற்றர் முன்னுக்கு வழுக்கினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். மேடு இருந்த இடத்திலேயே இருக்கும், கால்தான் முன்னே போகும். வளைவைத் தாங்கவேண்டிய மேடு இப்போது குதியின் முன்னோரத்தைக் குத்தும், அதாவது நோ இருக்கிற அதே புள்ளியை. இறுக்கமான தாங்கல் உள்ள செருப்பு இளகிய பட்டியோடு சாதாரணத் தட்டைச் செருப்பைவிடக் கெடுதல் செய்வது இப்படித்தான். "அந்தச் செருப்புப் போட்டுத்தான் எனக்கு நோ கூடினது" என்று சொல்கிறவர்கள் பலர். அவர்கள் முதலில் பார்க்கவேண்டியது பட்டியை.

யாழ்ப்பாணத்தில் பட்டி படுகிற பாடு செருப்பைச் செய்தவருக்குத் தெரிந்திருக்காது. வீட்டு விறாந்தை, கோயில் வாசல், ரியூசன் கொட்டில், செத்தவீடு, சில டொக்டர்மாரின் அறைவாசல் என்று ஒரு நாளில் எத்தனை இடத்தில் கழற்றுகிறோம்! கழற்றிப் போடுகிற இடமெல்லாம் மணல். வெல்க்ரோவுக்கு இரண்டு பக்கம்: கொக்கிப் பக்கம், பஞ்சுப் பக்கம். கொக்கிக்குள் மணல், தலைமயிர், தும்பு, சாரத்தின் நூல் எல்லாம் ஏறும். ஏறியதும் பிடி பாதியாகும். கழற்றும்போது நுனியில் பிடித்து மேல்நோக்கி உரிக்காமல் பக்கவாட்டில் இழுத்தால் பஞ்சு பிய்ந்து எழும்பும். கொக்கியைச் சுத்தம் செய்யலாம். எழும்பிய பஞ்சுக்கு வைத்தியம் இல்லை.

மோட்டார்சைக்கிள்காரருக்கு இன்னொரு சிக்கல். கியரைக் கீழிருந்து மேலே தூக்கிப் போடுகிற வண்டியில், இடக்கால் விரலடிப் பட்டியின் நுனி கியர் லீவரில் ஒவ்வொரு முறையும் உரசும். நுனி முதலில் சுருளும், பிறகு பட்டி தானாகவே திறக்கும். இடக்கால் முன்பட்டி மற்ற ஐந்துக்கும் முன்பே போய்விடுகிறது. ஸ்கூட்டிக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை.

அலுப்பில் செய்கிற ஒரு வேலையும் உண்டு: பின்பட்டியைத் திறக்காமல், அதை மிதித்து மடக்கிக்கொண்டு காலை நுழைப்பது. மடிந்த பட்டி குதிக்குக் கீழே தடிப்பாகக் கிடந்து நோகிற இடத்தையே அழுத்தும். பின்பட்டியைப் பூட்ட நேரமில்லை என்றால் இந்தச் செருப்பு உங்களுக்கு வேண்டாம்.

பராமரிப்பு இப்படி. கிழமைக்கு ஒருமுறை பட்டிகளைத் திறந்து, காய்ந்த பழைய பல்துலக்கியால் கொக்கி வரிசை வழியே தேயுங்கள். சிக்கிய நூலை ஊசி முனையால் கிளப்புங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காற்றாடிக்குக் கீழே காயவிடுங்கள். வெயிலில் வேண்டாம். ஈவிஏ என்கிற அந்த நுரை அடித்தட்டு வெயிலில் சுருங்கி நுனி வளையும். சித்திரை வெயிலில் சீமெந்துப் படியில் விட்டுவைத்தால் மேட்டின் இடமே மாறிவிடும். கழற்றி வைக்கும்போது பட்டிகளைப் பூட்டியே வையுங்கள். கொக்கி மூடியிருந்தால் மணல் ஏறாது.

பஞ்சு போய்விட்டால் ரவுணில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மாற்றலாம். தையல் சாமான் கடையில் வெல்க்ரோவை நீங்களே வாங்கிக்கொண்டு போவது நல்லது. பட்டியின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். பின்னால் பசை பூசி வருவதை வாங்கவேண்டாம், சூட்டில் பசை இளகிப் பட்டி கழரும். தைக்கிற வகைதான் வேண்டும். இரண்டு பக்கத்தையும் மாற்றுங்கள், புதுக் கொக்கி பழைய பஞ்சில் பிடிக்காது. நைலோன் நூலால் நாலு ஓரமும் தைத்து, நடுவில் குறுக்கும் மறுக்குமாக ஒரு தையல் போடச் சொல்லுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படிகிற நீளம் 4 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. அதைவிட நல்லது, விரலடிப் பட்டியையும் மேற்பாதப் பட்டியையும் பக்கிளுக்கு மாற்றிவிடுவது. உப்புக்காற்றில் சாதாரண இரும்பு கறள் பிடித்துவிடும். பித்தளை அல்லது கறள் பிடிக்காத உருக்கு கேளுங்கள். பக்கிள் லீவரில் படாமல் வெளிப்பக்கமாக வரட்டும்.

புதுச் செருப்பை முதல் நாளே நாள் முழுக்கப் போடாதீர்கள். ஒரு மணித்தியாலத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு கிழமையில் கூட்டுங்கள். மேடு அழுத்துவதுபோல் இருப்பது பழகிவிடும். குத்தினால் அளவு பிழை. வீட்டுக்குள்ளும் மாபிள் நிலத்தில் வெறுங்காலோடு திரிந்தால் வெளியே போட்ட செருப்பின் பலன் போய்விடும். உள்ளுக்கு மட்டும் ஒரு சோடி வையுங்கள், சாமியறைக்கு வெளியே அது நிற்கட்டும். கட்டிலை விட்டு இறங்குமுன் கால் விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்து 10 விநாடி பிடித்து, 10 தரம் செய்யுங்கள். பிறகு செருப்புக்குள் காலை வையுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெறுங்காலோடு மணலில் நிற்கப் போகிறவர்கள் அந்த நாட்களில் இந்தப் பயிற்சியை விடவே கூடாது.

சலரோகம் உள்ளவர்கள், பாதம் மரத்தவர்கள் இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு செருப்பு வாங்கவேண்டாம். குத்துவது உங்களுக்குத் தெரியாது. எம்சிஆர் என்கிற மென் றப்பர் அடித்தட்டுச் செருப்பைப் பற்றி கிளினிக்கில் கேளுங்கள். வீக்கம், சிவப்பு, சூடு, புண் என்றால் யாராக இருந்தாலும் முதலில் டொக்டர்.

அடித்தட்டுக்கு நான் பத்துக்குப் பத்துப் போடுவேன். ஆனாலும் இந்தக் கழிவு விலைக்கும் வாங்குங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. நோவோடு வருகிற சனத்துக்கு, இத்தனை நல்ல தட்டின்மேல் இப்படி ஒரு பட்டியைத் தைத்து விற்பது கோபத்தைத்தான் தருகிறது. இதே தட்டு பக்கிளோடு வந்தால் முழு விலை கொடுத்தே வாங்கலாம்.