பிளஸ் டூ வொகேஷனல் க்ரூப்: லேத் பட்டறைக்காரன் பார்வையில் ஒரு ரிவ்யூ

கோவை ஆவாரம்பாளையம் பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க். வேலை கேட்டு வருகிற பசங்களில் பெரும்பாலும் ஐடிஐ, கொஞ்சம் பேர் டிப்ளமோ, நடுவில் எப்போதாவது பிளஸ் டூவில் வொகேஷனல் க்ரூப், அதாவது தொழிற்பிரிவு படித்தவன் ஒருவன் வருவான். போதாததற்கு என் அக்கா மகனும் அதே க்ரூப்பில், அடிப்படை இயந்திரவியல் எடுத்துப் படித்து முடித்தான். ஐம்பது ரூபாய் பரோட்டாவுக்கு ரிவ்யூ எழுதுகிறோம், பிள்ளையின் இரண்டு வருஷத்தை வாங்கிக்கொள்கிற படிப்புக்கு ஒருத்தரும் எழுதுவதில்லை. அதனால்தான் இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பு மோசமில்லை, பாடத்திட்டம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அந்தச் சான்றிதழ் கையில் வந்த பிறகு அதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லித்தர ஆளில்லை. மார்க் குறைந்த பிள்ளைகளை ஒதுக்கிவைக்கிற இடமாகவே பல பள்ளிகள் இதை நடத்துகின்றன.

1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்துவிட்டது. பத்தாவதுக்குப் பிறகு எல்லோரும் காலேஜ் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை, பாதிப் பேராவது கைத்தொழிலோடு வெளியே வரட்டும் என்பதுதான் யோசனை. 1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் 10 சதவீதம், 1995-க்குள் 25 சதவீதம் பேரைத் தொழிற்கல்விக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியது. நடக்கவில்லை. 2020 கொள்கையில் மறுபடி ஒரு இலக்கு. இலக்கு எழுதுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சரி, பையன் என்ன கற்றுக்கொண்டு வருகிறான் என்பதற்கு வருவோம். யார் வந்தாலும் நான் மார்க் ஷீட்டைக் கேட்பதற்கு முன்னால் வெர்னியரை, அதாவது நுட்பமாக அளக்கிற கருவியைக் கையில் கொடுத்து, மேசை மேல் கிடக்கிற ஒரு ஷாஃப்ட் துண்டை அளந்து சொல்லச் சொல்வேன். ஒழுங்கான பள்ளியில் இந்த க்ரூப் படித்த பையன் முதலில் வெர்னியரின் தாடையைத் துடைப்பான், மூடிப் பார்த்து ஜீரோ சரியாக நிற்கிறதா என்று பார்ப்பான், அப்புறம்தான் அளப்பான், 0.02 மில்லிமீட்டர் வரைக்கும் சரியாகப் படித்துச் சொல்வான். இதை எனக்கு டிப்ளமோ பசங்களே சில பேர் செய்து காட்டியதில்லை. பாடப்புத்தகம் தமிழிலேயே இருப்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2018-ல் பாடத்திட்டம் மாற்றிய பிறகு வந்த புத்தகத்தை மருமகனிடம் வாங்கிப் புரட்டினேன், படங்களோடு தெளிவாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் மெஷினில் நிறுத்தினால் கதை வேறு. ஃபேசிங், பிளெய்ன் டர்னிங், ஸ்டெப் டர்னிங் என்கிற அடிப்படைக் கடைசல் வேலையெல்லாம் செய்வான், மெதுவாகச் செய்வான், கை நடுங்கும். த்ரெட், அதாவது மரை போடச் சொன்னால் முழிப்பான். அதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது, ஐடிஐ டர்னர் இரண்டு வருஷமும் பெரும்பாலான நேரம் பட்டறையிலேயே நிற்கிறான், இவனோ தமிழ், இங்கிலீஷ், வேலைவாய்ப்புத் திறன்கள் என்று மற்ற பாடத்துக்கெல்லாம் ஓடிவிட்டு மிச்ச நேரத்தில்தான் மெஷினைப் பார்க்கிறான், அந்த மெஷினும் வகுப்புக்கே ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆறு மாதம் கூட வைத்துக்கொண்டால் தேறிவிடுகிறார்கள், அது வேறு விஷயம்.

இதில் பள்ளிக்குப் பள்ளி இருக்கிற வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. மருமகன் படித்த பள்ளியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அவன் பிளஸ் ஒன் பாதியில் இருக்கும்போது தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை, கடைசியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒருவரைத் தற்காலிகமாகப் போட்டது. அவர் பாவம், எலக்ட்ரிக்கல் படித்தவர். லேத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகம் குறித்தார்கள், ரெக்கார்டு நோட்டில் அழகாகப் படம் போட்டார்கள், நிஜ லேத் சாக்கு மூடிக் கிடந்தது. செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரங்களில் பையன் சாயங்காலம் என் பட்டறைக்கு வந்து, சக்கில் ராடு மாட்டி, சென்டர் பார்த்து, பழகிக்கொண்டு போனான். எல்லாப் பையனுக்கும் மாமா லேத் வைத்திருக்க மாட்டாரே.

ஆகவே பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்னால் பள்ளிப் பட்டறையை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். லேத்துக்கு அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, எண்ணெய்ப் பசை இருக்கிறதா, ராடு ஸ்டாக் இருக்கிறதா என்று பார்த்தாலே மெஷின் ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆசிரியர் எந்த ட்ரேட்காரர், அதாவது எந்தத் தொழில் படித்தவர், ஓய்வு பெற எத்தனை வருஷம் இருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது, முடித்த பிறகு என்ன என்கிற கேள்வி. இங்கேதான் எனக்கு உண்மையான கோபம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், இது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால், பத்தாவது முடித்து நேரே பாலிடெக்னிக் போனவன் 3 வருஷத்தில் டிப்ளமோ வாங்குகிறான், இவன் 2 வருஷம் பள்ளி, 2 வருஷம் பாலிடெக்னிக் என்று 4 வருஷம் எடுக்கிறான். சயின்ஸ் க்ரூப் பையனுக்கும் அந்த நேரடிச் சேர்க்கை உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் கூடுதல், பதிலுக்கு பிளஸ் டூ சான்றிதழ் கையில் இருக்கும், நடுவில் மனசு மாறினால் ஒரு டிகிரி பக்கம் போகலாம். இன்ஜினியரிங் கலந்தாய்விலும் தொழிற்பிரிவுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவனாக இருந்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கும் தெரியாதது அப்ரன்டிஸ், அதாவது தொழில் பழகுநர் வழி. 1961 அப்ரன்டிஸ் சட்டத்தை 1986-ல் திருத்தி, பிளஸ் டூ தொழிற்பிரிவு முடித்தவர்களுக்கென்றே டெக்னீஷியன் வொகேஷனல் என்று தனி வகை வைத்தார்கள். ஒரு வருஷம் கம்பெனியில் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை, முடித்தால் மத்திய அரசுச் சான்றிதழ். தென் மாநிலங்களுக்கு இதைப் பார்த்துக்கொள்கிற அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது, பதிவு ஆன்லைனிலேயே செய்யலாம். 2019 திருத்தத்தில் இவர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 7000 ரூபாய் என்று வைத்தார்கள், அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசே திருப்பிக் கொடுக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் அப்ரன்டிஸ் எடுப்பது கட்டாயம். இவ்வளவும் சட்டத்தில் இருக்கிறது. மருமகனுக்குப் பள்ளியில் டிசி கொடுத்தார்கள், மார்க் ஷீட் கொடுத்தார்கள், வாழ்த்துச் சொல்லிக் கைகூட கொடுத்தார்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்கு ஷாஃப்ட் ஆர்டர் கொடுக்கிற கம்பெனியின் எச்ஆர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவர்களுக்கு இந்த வகையில் ஆள் தேவை, பசங்கள் விண்ணப்பிப்பதில்லை என்றார். இங்கே கணபதியிலும் பீளமேட்டிலும் பசங்கள் வேலை தேடி அலைகிறார்கள், என்னத்தைச் சொல்ல.

இன்னொரு குறை, இந்தச் சான்றிதழுக்கு ஐடிஐ மாதிரி ஒரு மதிப்பு வெளியே கிடையாது. ரயில்வே டெக்னீஷியன் மாதிரியான அறிவிப்புகளில் பெரும்பாலும் ஐடிஐ என்றுதான் கேட்பார்கள், வொகேஷனல் பிளஸ் டூ என்று எழுதியிருப்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அரசே நடத்துகிற படிப்பை அரசே கண்டுகொள்ளாவிட்டால் லேத் பட்டறைக்காரன் என்ன செய்வான்?

மற்ற க்ரூப்புகள் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அலுவலக மேலாண்மை எடுக்கிற பிள்ளைகள் பள்ளியை மட்டும் நம்பாமல் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் தேர்வுகளைத் தனியாக எழுதிவிடுங்கள், குரூப் 4 தட்டச்சர் பதவிக்கு அதுதான் கேட்பார்கள். சிபிஎஸ்இ பள்ளிகளில் திறன் பாடம் என்று ஒன்று இருக்கிறது, அது பெரும்பாலும் கூடுதலாக எடுத்துக்கொள்கிற ஒரு பாடம், இந்த முழு க்ரூப்போடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஸ்டார் கேட்டால், பட்டறை ஓடுகிற, சொந்த ட்ரேட்காரர் பாடம் நடத்துகிற பள்ளி என்றால் 5-க்கு 4 தயங்காமல் கொடுப்பேன். லேத் சாக்குக்குள் இருக்கிற பள்ளிக்கு 1, அதுவும் புத்தகத்துக்காக. இயந்திரம்தான் என் வழி என்று பத்தாவதிலேயே தெரிந்துவிட்ட பையன் நேரே பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ போகட்டும். இன்னும் முடிவாகவில்லை, ஆனால் கையால் வேலை செய்யப் பிடிக்கும் என்கிறவனுக்கு இது சரியாக வரும். மருமகன் இப்போது டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்திருக்கிறான், ஒர்க்‌ஷாப் வகுப்பில் சிரமமில்லை, கணக்குதான் உதைக்கிறது என்கிறான்.

நர்ஸிங் க்ரூப் படித்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் அதில் சேரலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், எனக்குத் தெரிந்தது லேத் மட்டும்தான்.