ஒன்றேகால் கிலோத் தட்டும் ஒரு கொப்பியும்: கல்லடி ஜிம் ஒன்றைப் பற்றி

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கத்தில் உள்ள சிறிய ஜிம் ஒன்றில் கடந்த மாரி தொடங்கியதிலிருந்து இந்தக் கோடை வரை பாரம் தூக்கிப் பழகியதை வைத்து இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன். குளிரூட்டியோ, சுவரை நிறைக்கும் கண்ணாடியோ, வரிசையாக நிற்கும் ஓட்டப் பொறிகளோ அங்கு இல்லை. தகரக் கூரை, சீமெந்துத் தரை, அதன் மேல் தடித்த றப்பர் விரிப்பு, இரண்டு ஸ்குவாட் ரேக் (தோளில் பாரம் வைத்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட் பயிற்சிக்கான தாங்கி), ஒரு பெஞ்ச், சுவரோரம் சோடி சேராத சில டம்பெல்கள், இவ்வளவுதான்.

ஆனால் உடம்பைத் தேற்ற நினைப்பவர் முதலில் தேட வேண்டிய பொருள் அங்கே தாராளமாக இருக்கிறது. அது, பார் எனப்படும் இரும்புத் தண்டின் முனையில் மாட்டும் 1.25 கிலோத் தட்டு. சில ஜிம்களில் தட்டுகள் 5 கிலோவிலிருந்துதான் தொடங்குகின்றன. பாரின் இரு முனையிலும் ஒவ்வொன்று போட வேண்டுமாகையால், ஒரு தடவை கூட்டினாலே 10 கிலோ ஏறிவிடும். ஸ்குவாட்டில் அதை எப்படியாவது சமாளிக்கலாம். தலைக்கு மேல் 30 கிலோவை உயர்த்துபவருக்கோ அது மூன்றிலொரு பங்கு கூடுதல் பாரம், தோள் தாங்காது. சிறு தட்டு இருந்தால் 2.5 கிலோ மட்டும் கூட்டிக்கொண்டு போகலாம். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற அமெரிக்கப் படையினரின் நலிந்த கால்களை மருத்துவர் தாமஸ் டிலோர்ம் தேற்றியதும் பாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் இதே வழியில்தான். 1945இல் அவர் அதை மருத்துவ உலகுக்கு எழுதி அறிவித்தார். விலையுயர்ந்த பொறிகளை வாங்கிப் போடும் உரிமையாளர்கள் இந்தச் சில்லறைத் தட்டுகளை ஏன் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்குவதில்லை.

அடுத்த சிறப்பு, ஒவ்வொருவருக்கும் அங்கு தரப்படும் கொப்பி. நாற்பது பக்கச் சாதாரணப் பாடசாலைக் கொப்பிதான். திகதி, தூக்கிய பாரம், எத்தனை சுற்று, சுற்றுக்கு எத்தனை தடவை என்று நான்கு நிரல்களைப் பயிற்றுநரே அடிமட்டம் வைத்துக் கோடிட்டுத் தருகிறார். பாரின் 20 கிலோவையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். என் கொப்பியில் வெறும் பாருடன் தொடங்கிய ஸ்குவாட், மாரி முடிவதற்குள் 70 கிலோவைத் தாண்டியிருக்கிறது. தலைக்கு மேல் உயர்த்தும் தோள் பிரெஸ் 40 கிலோவைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிட்டது. முதற் கிழமைகளில் பாரம் விறுவிறுவென ஏறியும் சட்டைக் கை இறுகவில்லையே என்று கேட்டபோது, தசை பருப்பதற்கு முன், இருக்கிற தசையை ஒருசேர இயக்க நரம்புகள் பழகிக்கொள்வதால் வரும் பலம் அது என்று அவர் விளக்கினார். அவசரப்படுபவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: “தம்பி, தட்டுப் போடுறது பெரிய வேலையில்ல. முதுகு வளையாம இருந்து எழும்புங்க, பிறகு கூட்டுவம்.”

சாப்பாட்டு விடயத்தில் எனக்கு அந்த ஜிம்மோடு உடன்பாடில்லை. சேர்ந்த அன்றே முன்மேசையில் புரோட்டீன் மாப் பேணியைக் காட்டி வாங்கச் சொல்கிறார்கள். தசை வளர்க்க விரும்புபவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் நாளாந்தம் புரதம் கிடைத்தால் பெரும்பாலும் போதும் என்பதே ஆய்வுகளின் பொதுவான முடிவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 96 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் இருக்கிறது. வாவி மீனும் இறாலும் எருமைத் தயிரும் பருப்பும் கச்சானும் கிடைக்கிற மட்டக்களப்பில் மாப் பேணி கட்டாயமில்லை. சமைக்க நேரமில்லாதவருக்கு அது ஒரு வசதி, அவ்வளவே.

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அந்தக் கட்டடம் பயிற்சிக்கு மிக உகந்தது. தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தில் பயிற்றுநரின் குரல் கேட்காது என்பதைத் தவிர வேறு தொல்லையில்லை. கடற்காற்றின் உப்பு பார்களில் துருவேற்றுவதால், கம்பித் தூரிகையால் தேய்த்து எண்ணெய் பூசுகிறார்கள். அது கிரமமாக நடக்கிறது. கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழ். பிற்பகல் நான்கு மணிக்குக் கூரையின் கீழ் நிற்கவே முடியாது, இருக்கும் இரு மின்விசிறிகளும் வெக்கையைத்தான் சுற்றிவிடுகின்றன. காலையில் போக முடியாதவர்கள் ஆறரைக்குப் பிறகு போவது நல்லது, ஆனால் அப்போது ரேக்குக்குக் காத்து நிற்க வேண்டும்.

கட்டணத்தை மாதாமாதம் செலுத்தலாம், வருட முற்பணம் கேட்பதில்லை. பெண்களுக்கு முற்பகலில் மட்டுமே நேரம் ஒதுக்கியிருப்பது பெருங்குறை. வேலைக்குப் போகும் பெண்கள் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள்? மாலையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் என் தங்கச்சியும் அவளுடன் வேலை செய்பவர்களும் சேரத் தயார் என்று உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன். பெண் பயிற்றுநர் ஒருவர் கிடைத்தால் பார்க்கலாம் என்றார்.