கொல்லிமலைத் தோட்டத்தில் அரை வாட் வாக்கி டாக்கி: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

அக்கா வீட்டுத் தோட்டம் கொல்லிமலையில் ஒரு சரிவில் இருக்கிறது. மோட்டார் ஓடுவது சரிவின் கீழ்க்கோடியில், ஓடையை ஒட்டிய கிணற்றில். தண்ணீர் போய்ச் சேரும் தொட்டியோ நேர்க்கோட்டில் ஏறக்குறைய 600 மீட்டர் தள்ளி மேல்கோடியில் உள்ளது. நடுவே மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளும் நிற்கின்றன. தொட்டி நிரம்பியதும் மேலே இருப்பவர் கூப்பாடு போட வேண்டும். காற்று எதிர்த்து வீசினால் கீழே இருக்கும் மாமாவுக்கு அது கேட்காது. செல்போனுக்கோ தோட்டத்தில் ஒரேயொரு பாறையின் மேல் ஏறி நின்றால்தான் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். இந்தத் தேவைக்காக 2021-இல் ஒரு ஜோடி வாக்கி டாக்கி வாங்கினோம். 2023-இல் வேறொரு நிறுவனத்தின் ஜோடி ஒன்றும் சேர்ந்தது. வாரத்தில் ஐந்து நாளாவது கையில் இருக்கும் இந்த நான்கு கருவிகளைப் பற்றி, வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பேன்.

முதலில் சட்டம். இதைச் சரிபார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது என்பதை ஏறக்குறைய தவறு செய்த பிறகே அறிந்தேன். இந்தியாவில் தனிநபர் ஒருவர் உரிமம் எடுக்காமல் பயன்படுத்தக்கூடிய கைக்கருவிகள் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டைக்குள் இயங்குபவை. குறைந்த திறனும் குறுகிய தொலைவும் கொண்ட கருவிகளுக்கு விலக்களித்த 2018-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் இந்தப் பட்டை வருகிறது. 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும் உரிமம் தேவைப்படாத ஒரு பட்டை உண்டு. ஆனால் அதன் அலைநீளம் 11 மீட்டர் என்பதால், ஒழுங்காக வேலை செய்யும் ஆன்டெனா ஆளை விட உயரமாகிவிடும். காப்பிச் செடிக்குள் குனிந்து நுழைகிற வேலைக்கு அது உதவாது.

அலைவரிசை பொருந்தினால் மட்டும் போதாது. அந்த மாதிரிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு வழங்கும் 'ஈடிஏ' எனப்படும் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் மாதிரியின் பெயரும் அலைவரிசையும் இருக்கும். விற்பவரிடம் நகல் கேட்டு, பெட்டியின் மேலுள்ள மாதிரி எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. நான் வாங்கிய காலத்தில் இணைய விற்பனைப் பக்கங்களில் இந்த விவரம் எதுவும் இல்லாமலேயே கருவிகள் குவிந்து கிடந்தன. 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டு, அலைவரிசையையும் உரிமம் தேவையா என்பதையும் வகை ஒப்புதலையும் தெளிவாகக் காட்டாமல் வாக்கி டாக்கிகளை விற்பனைக்கு வைக்கக் கூடாது என்றது. இருந்தாலும் வாங்குபவர் தானே சரிபார்ப்பதுதான் நல்லது.

நான் கிட்டத்தட்ட வாங்கிவிட்டிருந்தது, உலகம் முழுதும் ஹாம் வானொலிக்காரர்கள் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) கையில் புழங்கும் பாவோஃபெங் யூவி-5ஆர் என்ற மாதிரி. விலை குறைவு, திறன் 4 முதல் 5 வாட், கணினியில் செருகி எந்த அலைவரிசையையும் எழுதிக்கொள்ளலாம். அந்த 'எந்த அலைவரிசையையும்' என்பதுதான் சிக்கல். 446-ஐ எழுதிக்கொண்டு அதில் பேசினாலும் அது விலக்குப் பெற்ற கருவியாகிவிடாது. வெளியீட்டுத் திறன் அதிகம். காவல்துறை உள்ளிட்டோர் பயன்படுத்தும் பட்டைகளிலும் அதனால் ஒலிபரப்ப முடியும். ஹாம் உரிமம் எடுத்துக்கொள்ளலாமே என்றும் யோசித்தேன். தேர்வு எழுதி உரிமம் பெற்ற நண்பர் ஒருவர், "நீங்கள் தேறிவிடுவீர்கள், உங்கள் மாமாவும் எழுதுவாரா?" என்று கேட்டதோடு அந்த யோசனை முடிந்தது. ஹாம் கருவியில் பேச வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் இருப்பவர்கள் உரிமம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். அதைத் தோட்டத் தொழிலுக்குப் பயன்படுத்தவும் இடமில்லை. கடைசியில் ஜோடி 6,000 ரூபாய்ச் சுற்றில் அரை வாட் கருவிகளை வாங்கினோம்.

பெட்டியின் மேல் '10 கிலோமீட்டர் வரை' என்று அச்சிட்டிருந்தார்கள். அது முழுப் பொய் அல்ல. ஒன்றரை மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்திருக்கும் ஒருவரின் வானொலித் தொடுவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்கும் முன் அலை எட்டும் எல்லை, சுமார் 5 கிலோமீட்டர். எதிரே நிற்பவருக்கும் அதே அளவு என்றால் இரண்டையும் கூட்டிப் பத்து வருகிறது. நடுவில் மரம், வீடு, மேடு எதுவும் இல்லாத உப்பளத்தில் இரண்டு பேர் நின்றால் அந்தக் கணக்கை நெருங்கலாம். எங்கள் தோட்டத்தில், மரங்களுக்கு ஊடாக 600 மீட்டரில் கிணற்றுக்கும் தொட்டிக்கும் இடையே பேச்சு எப்போதும் துல்லியமாகக் கேட்கிறது. அதே தோட்டத்தின் வடபுறத்தில் ஒரு மேடு இருக்கிறது. அதற்குப் பின்னால் 400 மீட்டரில் ஒரு சொல்கூட வராது. மேட்டின் மேல் பத்தடி ஏறினால் குரல் சட்டென்று வந்துவிடும். மழைக்காலத்தில் இலைகள் நனைந்திருக்கும்போது இந்த அலைவரிசை இன்னும் கொஞ்சம் உறிஞ்சப்படுகிறது. தொட்டிப் பேச்சு அறுவதில்லை என்றாலும், பின்னால் இரைச்சல் ஏறுவது காதில் தெரியும்.

5 வாட் கருவி இருந்திருந்தால் அந்த மேட்டைத் தாண்டியிருக்குமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். திறன் பத்து மடங்கானால், தடையே இல்லாத வெளியில்கூடத் தொலைவு மூன்று மடங்குக்குச் சற்று மேல்தான் கூடும்; மண்மேடு நடுவே இருந்தால் அந்தக் கணக்கும் செல்லாது. ஆகவே வாங்கும் முன் யாரிடமாவது ஒரு ஜோடியை இரவல் வாங்கி, உங்கள் இடத்தில் நீங்கள் நிற்கப்போகும் இரண்டு புள்ளிகளிலும் நின்று பேசிப் பாருங்கள். பெட்டியைப் படிப்பதைவிட அது நூறு மடங்கு பயன் தரும்.

அமைப்பதற்கு முதல் ஜோடியில் எந்தச் சிரமமும் இல்லை. பெரும்பாலான கருவிகள் 1-ஆம் சேனலில்தான் வெளிவருகின்றன என்பதால், கோயில் திருவிழாவுக்கு வந்தவர்களின் குழந்தைகள் விளையாடும் சத்தமெல்லாம் அதில் வரும். 5-ஆம் சேனலுக்கு மாற்றி, 'பிரைவசி கோடு' 8 என்று வைத்துக்கொண்டோம். இந்தப் பெயர் ஏமாற்றுப் பெயர். சிடிசிஎஸ்எஸ் எனப்படும் இந்த ஏற்பாட்டில், நம் பேச்சோடு சேர்ந்து காதுக்கு எட்டாத ஒரு தாழ்ந்த ஒலி போகிறது. அந்த ஒலி வந்தால் மட்டும் எதிர்க்கருவி தன் ஒலிபெருக்கியைத் திறக்கும். பிறர் பேச்சு நமக்குக் கேட்காமலிருக்க அது உதவும்; கோடு வைக்காமல் அதே சேனலில் இருப்பவருக்கு நம் பேச்சு முழுதும் கேட்கும். ஆகவே வீட்டில் ஆளில்லை, சாவி எங்கே என்பன போன்ற பேச்சுகளை நாங்கள் இதில் பேசுவதில்லை.

இரண்டாவது ஜோடி வந்தபோது அரை நாள் வீணாயிற்று. புதிய கருவிகளிலும் சேனல் 5, கோடு 8 என்று வைத்தேன். பழையதில் பேசினால் புதியதில் பச்சை விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. புதியதில் பேசினாலும் அப்படியே. கருவி பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்பப் பெட்டியையும் கட்டிவிட்டேன். விளக்கு எரிகிறது என்றால் அலை வந்து சேர்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை என்று அதே ஹாம் நண்பர் சொன்ன பிறகுதான், கையேடுகளின் கடைசிப் பக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். பழைய கருவியின் பட்டியலில் 38 ஒலிகள், முதலாவது 67.0 ஹெர்ட்ஸ், இரண்டாவது 71.9, எட்டாவது 88.5. புதிய கருவியின் பட்டியலில் 50 ஒலிகள்; அதில் இரண்டாவது இடத்தில் 69.3 நுழைந்திருப்பதால் மற்றவை ஒரு படி கீழே தள்ளப்பட்டு, எட்டாவது 85.4 ஆகியிருந்தது. புதியதில் 9 என்று வைத்ததும் நான்கும் ஒரே குடும்பமாகிவிட்டன. இரண்டு நிறுவனக் கருவிகளைச் சேர்ப்பவர்கள் கோடு எண்ணை மறந்துவிட்டு ஹெர்ட்ஸைப் பொருத்த வேண்டும். அவசரத்துக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு: எல்லாவற்றிலும் கோடு எண்ணை 0 ஆக்கிவிட்டால், சேனல் ஒன்றாக இருக்கும் வரை எல்லோரும் பேசிக்கொள்ளலாம்.

பேசும் முறையில் தமிழுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. பொத்தானை அழுத்தியவுடன் பேசினால் முதல் அசை போகாது. பேட்டரியைச் சேமிக்க அரைத்தூக்கத்தில் இருக்கும் எதிர்க்கருவி விழித்து, அந்தத் தாழ்ந்த ஒலியை அடையாளம் காண ஒரு நொடியில் சிறு பகுதி ஆகிறது. அதுபோலவே பேசி முடிக்கும் முன் விரல் எடுபட்டால் கடைசி அசை போய்விடும். நம் மொழியிலோ 'வேண்டாம்', 'கூடாது' என்கிற மறுப்பெல்லாம் வினையின் வாலில்தான் தொங்குகிறது. ஒருநாள் மேலே குழாய் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "மாமா, மோட்டாரைப் போடாதீங்க" என்றேன். அவசரத்தில் விரலை முன்கூட்டியே எடுத்துவிட்டேன். கீழே கேட்டது, "மாமா, மோட்டாரைப் போடா". மச்சினன் தன்னை 'டா' போட்டுப் பேசுகிறானே என்ற கோபத்தோடு அவர் சுவிட்சை அழுத்த, நான் தலையிலிருந்து கால்வரை நனைந்தேன். அன்று முதல் எங்கள் தோட்டத்தில் 'போடு', 'போடாதே' இரண்டும் விலக்கப்பட்ட சொற்கள். 'ஓட்டு', 'நிறுத்து' இரண்டும்தான் உத்தரவு, கேட்டவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசி முடித்ததும் 'பீப்' என்று ஒலிக்கும் வசதியை எரிச்சலாக நினைத்து முதலில் அணைத்து வைத்திருந்தோம். இப்போது அதையும் திறந்துவிட்டோம்.

ஆன்டெனா நெட்டாக நிற்கும்படி பிடிக்க வேண்டும், வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பேச வேண்டும் என்பதெல்லாம் பத்து நாளில் பழகிவிடும். இடுப்பில் செருகியபடியே பேசினால் உடம்பே அலையை மறைக்கிறது என்பதை மட்டும் மாமா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. குரல் கேட்டதும் தானாகவே அலையை அனுப்பும் 'வாக்ஸ்' வசதியைக் கொல்லிமலைக் காற்றில் நம்ப முடியாது. இலைச் சத்தத்தையெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கும்.

பேட்டரியைப் பற்றி நிறுவனங்கள் சொல்லும் நேரம், பேசுவது 5 விழுக்காடு, கேட்பது 5 விழுக்காடு, மீதி 90 விழுக்காடு சும்மா இருப்பது என்ற கணக்கில் சொல்லப்படுவது. எங்கள் பயன்பாடும் அதையொட்டியதே என்பதால் முதல் ஆண்டில் 18 மணி நேரம் என்றதில் 15 வரை கிடைத்தது; மூன்றாம் ஆண்டில் நண்பகலிலேயே கருவி முனக ஆரம்பித்தது. முதல் ஜோடி, கடைகளில் கிடைக்கும் ஏஏ அளவு செல்களையும் ஏற்கும் என்பது அப்போது கைகொடுத்தது. சார்ஜ் விரைவில் இறங்காத வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் மூன்றைப் போட்டோம். கருவி புதிதுபோல் ஆயிற்று. (சாதாரண அல்கலைன் செல்களைப் போட்டுவிட்டுச் சார்ஜரில் செருகக் கூடாது, கசிந்து கருவியையே கெடுத்துவிடும்.) இரண்டாவது ஜோடியில் இருப்பது அந்த மாதிரிக்கென்றே செய்த லித்தியம் பேட்டரி. மாற்று பேட்டரி கேட்டு விற்றவரிடம் மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. இனி வாங்கினால், பொதுவாகக் கிடைக்கும் செல்லை ஏற்கும் மாதிரியைத்தான் வாங்குவேன். எனக்கு அது தொலைவைவிட, வாட்டைவிட முக்கியம்.

முதலில் உடைந்தது இடுப்பு வார்ப் பிடிப்பான், இரண்டு கருவிகளிலும். ஒன்றுக்குச் சைக்கிள் டியூப் துண்டு, இன்னொன்றுக்கு நைலான் கயிறு. சார்ஜ் செருகும் துளையில் செம்மண் இறுகிப்போவது நிரந்தரத் தொல்லை. ரப்பர் மூடியை மூட மறந்தால் குச்சியால் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். முதல் ஜோடியின் நீர்க்காப்பு ஐபிஎக்ஸ்2, அதாவது மேலிருந்து விழும் துளிகளை மட்டும் தாங்கும். மலை மழைக்கு அது போதாது. பாலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டினால் குரல் சற்று மங்கினாலும் வேலை நடக்கிறது.

குடும்பமாக இரண்டு கார்களில் மலை ஏறும்போதும் பயன்படுத்தினோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில், முன்னே போகும் வண்டி "பஸ் இறங்குகிறது" என்று சொல்வது மிகவும் உதவியது. ஓட்டுபவர் கையில் கொடுக்காமல் பக்கத்து இருக்கைக்காரர் பேச வேண்டும். காரின் உலோகக் கூட்டுக்குள்ளிருந்து இரண்டு மூன்று வளைவு வரைதான் எட்டுகிறது.

நான்கில் மூன்று இன்றும் முழுதாக வேலை செய்கின்றன. நான்காவதில் சென்ற ஐப்பசி மழையில் மைக்குக்குள் நீர் புகுந்துவிட்டது. அதில் பேச முடியாது, கேட்க மட்டும் முடியும். அதைச் சமையலறை அலமாரியில் சார்ஜரோடு வைத்திருக்கிறோம். மாலையில் கடைசி 'நிறுத்து' கேட்டதும் அக்கா அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடுகிறார்.