ஆறு வருசமாக எனக்கு மங்கலான பருந்துகளையே எடுத்துத் தரும் 60 மடங்கு ஜூம் கேமரா

போன வாரம் வெளியே நீட்டிய லென்ஸ் உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடித்து நின்றுவிட்டது. பழுதுபார்க்க 4,200 ரூபாய். சரிசெய்த கேமராவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே கேமரா பழசு ஒண்ணு 9,000-க்கு வருது, பருந்து எடுக்க வாங்கலாமா?" அப்போது இருந்த எரிச்சலில் வாயில் வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன். பாவம், அவன் மேல் தப்பில்லை. அதனால்தான் கொஞ்சம் நிதானமாக இதை எழுதுகிறேன்.

60 மடங்கு ஜூம், வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் சில்லு மட்டும் சின்னது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. உட்கார்ந்திருக்கும் பறவை என்றால் இந்தக் கேமராவைக் குறை சொல்லவே முடியாது. மின்கம்பத்தில் இருக்கும் வைரி என்ற சின்ன வேட்டைப் பறவையின் தொண்டையில் ஓடும் மெல்லிய கோடு வரைக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறது, அதுவும் முக்காலி இல்லாமல். அது பறந்துவிட்டால்தான் வினையே. வெறும் நீல வானத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் ஃபோகஸ் முன்னே போகும், பின்னே வரும், மறுபடி முன்னே போகும். அதற்குள் பருந்து மலையைத் தாண்டியிருக்கும். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு பிசிறு மட்டும் மிஞ்சும். ஆறு வருசமாக இதே பாட்டுதான்.

நான் அதிகம் போவது மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, அந்த ஊர். லகுடு, ஷாஹீன் என்ற வல்லூறுகள், ராசாளி என்ற கழுகு என்று மூன்றையும் பார்க்க வாய்ப்புள்ள பாறைக் குன்றுகள். வாய்ப்புதான், உறுதி இல்லை. இதில் ஒரு கொடுமை இருக்கிறது. பெரிய இறக்கைக்காரர்கள் காலையில் சீக்கிரம் எழுந்து வட்டமடிக்க மாட்டார்கள். பாறை சூடாகி வெப்பக் காற்று மேலே ஏறிய பிறகுதான் அதில் ஏறி மிதப்பார்கள். அவர்களைத் தூக்கும் அதே சூடுதான் கானலையும் கிளப்பிவிடுகிறது. ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் 60 மடங்கில் எடுத்தால் இறக்கையின் ஓரம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். இதற்குக் கேமராவைத் திட்டி என்ன பயன், லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருப்பவருக்கும் அதே கானல்தான். ஆனால் அவர் படம் மங்கினாலும் இறகின் பட்டைகளாவது மிஞ்சும். என்னுடையது படத்தில் விழும் பிசிறுப் புள்ளிகளைத் துடைக்கிறேன் என்று பட்டைகளையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறது. கேமரா கைவைக்காத மூலப் படமான ரா கோப்பும் கிடையாது, திருத்தவும் வழியில்லை.

மங்கிய படத்தைப் பறவையின் பெயர் சொல்லும் செயலியில் போட்டால் இன்னும் வேடிக்கை. வானத்தில் கறுப்பாக ஒன்று இருந்தால் போதும், கரும்பருந்து என்று சத்தியம் செய்யும். மதுரையில் எந்தப் பருந்தையும் பார்க்காமலே கரும்பருந்து என்று சொன்னாலும் பாதி நேரம் சரியாகத்தான் இருக்கும், அதற்கு ஒரு செயலி எதற்கு?

அப்புறம் ஏன் ஆறு வருசம் வைத்திருக்கிறேன்? அந்தக் கதை இப்படி. நிறம், பட்டை, கண் எதுவும் தெரியாத படங்களாகவே சேர்ந்ததால் வேறு வழியில்லாமல் உருவத்தைப் பார்க்கப் பழகினேன். வால் கவையாக இருக்கிறதா, வட்டமாக இருக்கிறதா? கரும்பருந்து வாலை முழுக்க விரித்துவிட்டால் கவை காணாமல் போய்விடும். அதனால் ஒரே படத்தை நம்பக்கூடாது, தொடர்ந்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வரிசையாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். எங்காவது ஒன்றில் வாலைச் சுக்கான்போலத் திருப்பும், கவை தெரிந்துவிடும். நம்ம ஊரில் கருடன் என்று கும்பிடுகிற செம்பருந்தின் இளம்பறவை பழுப்பாக இருந்து ஏமாற்றும், ஆனால் வால் நுனி வட்டம். தேன்பருந்துக்கு உடம்புக்குப் பொருந்தாமல் புறாத் தலை, நீண்ட கழுத்து. இறக்கையை ஆங்கில வீ எழுத்துபோலத் தூக்கி வைத்துக்கொண்டு வயலை ஒட்டித் தாழப் பறந்தால் பூனைப்பருந்து. இவை எல்லாம் எவ்வளவு மோசமான படத்திலும் தப்பிப் பிழைக்கும்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் ஜனவரியில் எடுத்த ஒரு படம், கரும்பருந்து என்று ஒதுக்கி வைத்திருந்தேன். மழைநாள் ஒன்றில் வேலை இல்லாமல் புரட்டும்போது வால் நேராக வெட்டியதுபோல இருந்தது. நிழல் பகுதியை வெளிச்சமாக்கிப் பார்த்தால், பறவை நம்மை நோக்கி வரும் அந்த ஒரே ஒரு படத்தில் கழுத்தும் இறக்கையும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளி, வண்டி விளக்கு மாதிரி. பூட்டட் ஈகிள் என்ற கழுகு, அதில் கறுப்பு ரகம், குளிர்காலத்துக்கு வந்துபோகும் விருந்தாளி. மூக்கு தெரியவில்லை, கண் தெரியவில்லை, கால் தெரியவே இல்லை. எனக்குத் தெரிந்த அனுபவசாலிகள் இருவருக்கு அனுப்பினேன். ஒருவர் உடனே ஒப்புக்கொண்டார், இன்னொருவர் "படமாய்யா இது?" என்று கேட்டுவிட்டு மறுநாள் ஒப்புக்கொண்டார். நல்ல படங்கள் எத்தனையோ இருந்தும் நான் பிரிண்ட் போட்டு மாட்டியது அதைத்தான். வீட்டில் எல்லோரும் காக்கா என்கிறார்கள்.

பழைய கேமராதான் வாங்குவேன் என்று இருப்பவர்களுக்கு ஒன்று. வானத்தில் ஃபோகஸ் தேடாதீர்கள். பறவை இருக்கும் அதே தூரத்தில் ஒரு பாறையையோ பனைமரத்தையோ பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டுப் பறவைக்குத் திரும்புங்கள். ஷட்டர் வேகம் 1/1600 நொடியாவது இருக்கட்டும், வெளிச்ச அளவைப் பிளஸ் ஒன்றுக்குத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே கறுப்புத்தான். இப்படிச் செய்தும் பத்தில் ஏழு வீணாகும். இனம் தெரியாதபோது, பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்ட் தளத்தில் வெறும் பருந்து வகை என்று மட்டும் பதிய இடம் இருக்கிறது, வெட்கப்படாமல் பதியுங்கள். என் பட்டியலில் அதற்குத்தான் கூட்டம் அதிகம்.

தம்பிக்கு என் பதில், வாங்காதே. 9,000-க்கும் வேண்டாம், 6,000-க்குக் கொடுத்தாலும் வேண்டாம். சின்ன வயசில் இந்த ஃபோகஸோடு மல்லுக்கட்டி ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளாதே. இன்னும் கொஞ்சம் சேர்த்து நல்லதாக வாங்கு. அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரை ஒத்தக்கடைக்கு வந்துவிடு, பேட்டரி இரண்டையும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன், லென்ஸ் இப்போது உள்ளே போகிறது.