வீட்டில் நடந்த சாவுக்கு வந்த போலீஸ்: ஐந்துக்கு மூன்றரை

வாங்கின மிக்ஸிக்கும் வராத கூரியருக்கும் பக்கம் பக்கமாக ரிவ்யூ எழுதுகிறோம், போலீஸ் செய்த வேலைக்கு எழுதினால் என்ன என்று தோன்றியது. எந்த ஸ்டேஷன், யார் யார் என்று சொல்லப் போவதில்லை. என்ன செய்தார்கள், எது சரி, எது எரிச்சல் என்பது மட்டும்தான்.

பெரியப்பா தனியாக இருந்தவர். 71 வயது, சர்க்கரை, பிரஷர், இதயத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட். காலையில் போனை எடுக்கவில்லை, என்னிடம் மாற்றுச் சாவி உண்டு, அத்தை பையனையும் கூட்டிக்கொண்டு போய்த் திறந்தால் பாத்ரூம் வாசலில் குப்புறக் கிடக்கிறார். நெற்றியில் ஒரு வெட்டு, தரையில் கொஞ்சம் ரத்தம். தொட்டதுமே தெரிந்துவிட்டது, சில்லென்று இருந்தார், கை மடங்கவில்லை. அப்புறம் நான் செய்ததுதான் எல்லாச் சிக்கலுக்கும் பிள்ளையார் சுழி. அவரை அந்த நிலையில் விட மனசு வரவில்லை, இரண்டு பேருமாகப் புரட்டித் தூக்கி, கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, முகத்தைத் துடைத்து, போதாக்குறைக்குத் தரையையும் துடைத்துவிட்டேன்.

குடும்ப டாக்டருக்குப் போன் போட்டால், "ஒன்பது மாசமா அவர் என்கிட்ட வரலை, நெத்தியில காயம் வேற இருக்குன்னு சொல்றீங்க, இறப்புக்குக் காரணம் எழுதி நான் கையெழுத்துப் போட முடியாது, போலீஸுக்குச் சொல்லிடுங்க" என்றார். அப்போது கோபம் வந்தது. இப்போது இல்லை.

சீக்கிரமே வந்துவிட்டார்கள், அதற்கு முழு மதிப்பெண். ஒரு மூத்த அதிகாரி, ஒரு இளம் பெண் போலீஸ். நேராக உடம்புகிட்டப் போய் நின்று ஆராய்வார்கள் என்று நினைத்தேன், இல்லை, உயிர் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார்கள். ஜன்னல் கொக்கிகள், பின்கதவுத் தாழ்ப்பாள், பீரோ, பர்ஸ், போனில் கடைசியாகப் பேசிய நேரம் (முந்தின இரவு 9:40, என்னோடுதான்). வாசலில் கிடந்த அன்றைய பேப்பரைக்கூட அந்தப் பெண் குறித்துக்கொண்டார். மாத்திரை டப்பாவை அவர் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. கிழமைக்கு ஒரு கட்டம், அதற்குள் காலை, இரவு என்று பிரித்த டப்பா. முந்தின நாள் இரவுக் கட்டம் காலி, அன்றைய காலைக் கட்டத்தில் மாத்திரை அப்படியே இருக்கிறது. இரவு மருந்து சாப்பிடும்வரை இருந்திருக்கிறார், காலை மருந்துக்கு இல்லை. அதோடு விடாமல், மாத்திரை அட்டைகளில் எத்தனை பாக்கி என்று எண்ணினார்கள், அளவுக்கு மீறிப் போட்டுக்கொண்டாரா என்று பார்க்கத்தான். பாத்ரூமில் கேஸ் ஹீட்டர் இருக்கிறதா என்றும் கேட்டார்கள்.

அடுத்துத்தான் வினை. மூத்தவர் சட்டையை விலக்கிப் பார்த்தார். முகம், மார்பு, வயிறு எல்லாம் ஊதா நிறத்தில் கன்றியிருந்தது, நடுநடுவே வெள்ளைத் திட்டுகள். முதுகு மட்டும் வெளுப்பாக இருந்தது. அவர் முகம் மாறியது. "எப்படிக் கிடந்தார்?" என்று கேட்டார், சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. மூன்றாவது முறை கேட்டுவிட்டு அத்தை பையனைத் தனியாக அடுத்த ரூமுக்குக் கூட்டிப்போனார். துடைத்த துணி எங்கே, யார் துடைக்கச் சொன்னது, உங்களுக்குள் சொத்துத் தகராறு உண்டா? என்னை வளர்த்த மனுஷன் கட்டிலில் கிடக்கிறார், என்னிடம் சொத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அதற்குள் வந்து சேர்ந்த அத்தை அந்த ஊதா நிறத்தைப் பார்த்துவிட்டு, "யாரோ அடிச்சிருக்காங்கடா" என்று கத்த, அதற்கு அந்த அதிகாரி சொன்ன பதில், "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்மா." இப்படி ஒரு பதிலைச் சொன்னால் அந்த அம்மா என்ன நினைப்பார்? பக்கத்து வீட்டுக்காரர் படியேறி வந்து "கொலையாமே?" என்றார். ஒரு ஸ்டார் இங்கேயே போச்சு.

விளக்கம் அந்தப் பெண் போலீஸிடமிருந்துதான் கிடைத்தது, அதுவும் நான் வெடித்துப் பேசிய பிறகு. "சார், இது அடி இல்லை. ரத்த ஓட்டம் நின்னதும் ரத்தம் உடம்புல எந்தப் பக்கம் கீழே இருக்கோ அங்கே இறங்கித் தங்கும், தரையில அழுந்தின இடம் மட்டும் வெள்ளையா நிக்கும். எட்டுப் பத்து மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னா அப்படியே நிலைச்சுடும், அப்புறம் புரட்டிப் போட்டாலும் பெரிசா மாறாது. முன்பக்கம் ஊதா, ஆனா ஆள் மல்லாக்கப் படுத்திருக்கார்னா யாரோ நகர்த்தியிருக்காங்கன்னு அர்த்தம். நீங்கதான்னு சொல்றீங்க, அது பொருந்துதான்னு பாக்குறோம்." அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது. கேஸ் ஹீட்டர் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார்: கேஸ் சரியாக எரியாவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடு விஷமானால் அந்த நிறம் பெரும்பாலும் செர்ரிப் பழம் மாதிரி சிவப்பாகத் தெரியுமாம்.

விறைப்பும் அதே மாதிரி ஒரு கடிகாரம்தான். இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடையில் தெரிய ஆரம்பித்து, பன்னிரண்டு மணி வாக்கில் உடம்பு முழுக்கப் பிடித்து, ஒன்றரை இரண்டு நாளில் தளர்ந்துவிடும். ரூம் சூடாக இருந்தால் எல்லாமே வேகமாகும், அதனால் துல்லியமாக நேரம் சொல்லிவிட முடியாது.

இயற்கைச் சாவுக்கு எதற்கு இத்தனை என்று அன்றைக்கு நானும் கேட்டேன். அப்புறம் உட்கார்ந்து படித்தபோது பதில் கிடைத்தது. இங்கிலாந்தில் ஹரோல்ட் ஷிப்மன் என்ற டாக்டர் தன் நோயாளிகளுக்குத் தானே ஊசி போட்டுக் கொன்றுவிட்டு, தானே இயற்கை மரணம் என்று சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். 2000ல் 15 கொலைகளுக்குத் தண்டனை ஆனது, பின்னால் நடந்த விசாரணையில் 215 பேர் என்று கணக்கு வந்தது. பெரும்பாலும் வயதானவர்கள், அதனால் பல வருடம் யாருக்கும் உறுத்தவில்லை. காரணம் எழுதிய டாக்டரைத் தவிர வேறொரு டாக்டரும் பார்த்தாக வேண்டும் என்ற சட்டம் அங்கே முழுசாக அமலுக்கு வர 2024 செப்டம்பர் ஆனது. இதைப் படித்த பிறகு சொத்துக் கேள்விமேல்கூட எனக்குப் பெரிய கோபம் இல்லை. கேட்ட தொனிமேல் இன்னும் இருக்கிறது.

எழுத்து வேலைக்கு வருவோம். மோதிரத்தை "மஞ்சள் நிற உலோக மோதிரம் ஒன்று" என்று எழுதினார்கள். தங்கம் என்று ஏன் எழுதவில்லை என்று அத்தை சண்டைக்கே போனார், ஆனால் அது சரிதான், தங்கமா இல்லையா என்று உறுதி சொல்வது அவர்கள் வேலை இல்லை, பார்த்ததைத்தான் எழுத முடியும். எங்கள் கண் முன்னாலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள், நல்லது. என் வாக்குமூலத்தில்தான் கோட்டை விட்டார்கள். படிக்க விடாமல் "இங்கே ஒரு கையெழுத்து" என்று நீட்டினார்கள், பிடிவாதமாக வாங்கிப் படித்தால் நான் கதவைத் திறந்தது 7:10க்குப் பதில் 9:10 என்று இருக்கிறது. மற்றதெல்லாம் மணிக்கணக்கை வைத்தே ஓடும்போது இந்த இரண்டு மணி நேரத்தை என்னவென்று சொல்வது? திருத்தினார்கள், முனகிக்கொண்டே. தயவுசெய்து படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதைவிட முக்கியம், உயிர் போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தால் நகர்த்தாதீர்கள், துடைக்காதீர்கள். நான் துடைத்த ரத்தம் எவ்வளவு, எந்தப் பக்கம் தெறித்திருந்தது என்பது இப்போது யாருக்கும் தெரியாது, எனக்கே ஞாபகம் இல்லை.

போஸ்ட்மார்ட்டத்துக்கு ஒன்றரை நாள் ஆனது, அதுவரை ஒரு தகவலும் இல்லை, நாங்கள்தான் போன் போட்டுக்கொண்டே இருந்தோம். இன்னும் அரை ஸ்டார் அங்கே கழிந்தது. ரிப்போர்ட்டில் இதய ரத்தக்குழாய் அடைப்பு, நெற்றிக் காயம் விழுந்ததால் வந்தது, மண்டை ஓட்டில் விரிசலோ உள்ளே ரத்தக் கசிவோ இல்லை என்று இருந்தது. அந்தப் பெண் போலீஸே போன் பண்ணி வரி வரியாகப் படித்துச் சொன்னார். மூத்தவர் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

மோதிரமும் வாட்சும் திரும்பி வந்துவிட்டன. மாத்திரை டப்பா மட்டும் இன்னும் வரவில்லை. அது போனால் போகட்டும் என்கிறான் அத்தை பையன், ஆனால் கட்டத்துக்கு மேல் கிழமை எழுதியிருந்தது பெரியப்பாவின் கையெழுத்து, அதனால் திங்கட்கிழமை போய்க் கேட்கப் போகிறேன்.